நீர் மூழ்கும் வீரர்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலை ஒட்டி ஏறக்குறைய நான்கு மைல் சென்றால் வட்டக்கோட்டை என்னும் சிறு கோட்டையை அடையலாம். அதன் பரப்பு 3½ ஏக்கர் அளவே. கருங்கல்லால் அமைந்த மதிலின் உயரம் ஏறக்குறைய 25 அடி. அலைகள் மதிலின் அடியிலேயே வந்து மோதுகின்றன. பாண்டியரின் மீன் இலச்சினை செதுக்கப்பட்ட கற்களும் அங்கு உள்ளன. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த பதினெட்டாம் நூற்றாண்டில், டிலனாய் என்னும் படைத்தலைவரின் மேற்பார்வையில் அக்கோட்டை வலுப்பெற அமைக்கப்பெற்றது.

டிலனாய் முதலில் திருவிதாங்கூருக்குப் பகைவராக வந்தவர். 1741-ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் டச்சுக்காரர் தோல்வியுற்றபோது சிறைப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். மன்னர் மார்த்தாண்ட வர்மர் அவருடைய திறமையை அறிந்து, தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். டிலனாயும் தம்மைச் சிறைப்பிடித்த நாட்டிற்கே உண்மையாக உழைத்து, 1777-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இன்றும் உள்ளது. பகைவனிடத்தும் மதிப்புடையதைக் கண்டு மதித்தல் அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரிய பண்பு. கடலுக்கடியில் நிகழ்ந்த போர்களிலும் இப்பண்பு வெளிப்பட்டதைப் பின்னர்க் காண்போம்.

கடற்கரைக் கோட்டையின் மதில்மேல் நிற்கும் காவலனுடைய கடமை, தொடுவானத்தை நோக்கிக்கொண்டிருத்தல். அங்கே ஒரு பாய்மரம் தோன்றினால் அவன் முரசறைவான். பீரங்கிகள் கடலை நோக்கித் திரும்பும். ஆயினும் அவன் கண்ணுக்கு எட்டுவது நீரின் மேற்பரப்பு மட்டுமே. நீருக்குள் நாலடி ஆழத்தில் ஒருவன் ஓசையின்றி நீந்தி வருவானாயின், அவனைக் காணும் கண் எந்தக் கோட்டைக்கும் இருந்ததில்லை. இந்தக் குறையை நன்கு பயன்படுத்திக் கொண்டவர்களே நீர் மூழ்கும் வீரர்கள்.

நீரில் நிகழும் போரைத் தமிழர் அறியாதவர் அல்லர். மதிலை வளைத்துப் பொருதலை உழிஞைத் திணை என வகுத்த தொல்காப்பியம், அகழி நீரில் இருதிறத்தாரும் பொருதலை அத்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. அதற்கு அந்நூல் தரும் பெயர் ‘பாசி’ என்பது. நீர்மேற் படர்ந்த பாசி ஒதுங்குவதும் மீண்டும் வந்து மூடுவதுமாக இருத்தல் போல, வீரர் ஒதுங்கியும் நெருங்கியும் பொருதலின் அப்பெயர் பொருந்தியது என்பர். ஒரே சொல்லில் அப்போரின் இயல்பு முழுவதையும் காட்டும் இப்பெயரின் நயம் எண்ணி மகிழத்தக்கது. கிரேக்க நாட்டிலும் இவ்வகைச் செய்தி ஒன்று வழங்குகிறது. ஸ்கில்லிஸ் என்னும் மூழ்குநனும் அவன் மகளும், புயல் வீசிய வேளையில் கடலுள் மூழ்கிச் சென்று, பாரசீகக் கப்பல்களின் நங்கூரங்களை இழுத்துவிட்டனர் என்று பௌசானியாஸ் என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார். எனினும் இவையெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு சிறிது பொழுது செய்யும் செயல்கள். மனிதன் நீருக்குள்ளேயே மூச்சுவிட்டு நெடுநேரம் இயங்கிப் போர்புரியத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

மூச்சை அடக்கி மூழ்குதலில் பாண்டி நாட்டுக் கடற்கரை மக்கள் பெற்றிருந்த தேர்ச்சி உலகறிந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தலும் சங்கு குளித்தலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில்கள். கொற்கையின் முத்தைப் பற்றிக் கூறும் பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்க நூல், அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. கழுத்தில் ஒளிவிடும் முத்தைப் பாடிய புலவர் பலர். அதனை எடுத்துவந்தவன் பட்ட பாட்டை நினைத்தவர் சிலரே.

முத்துக் குளிக்கும் குளியாள் தோணியின் ஓரத்தில், கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் வைத்து நிற்பான். மூச்சை நன்றாக உள்ளிழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டதும் கயிறு நெகிழ்த்தப்படும். கல்லின் பளு அவனை விரைவாகக் கீழே கொண்டு செல்லும். ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழம் உள்ள இடங்களில் அவர்கள் மூழ்குவது வழக்கம். பாகம் என்பது ஏறக்குறைய ஆறு அடி. ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் திரட்டிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் உடனே இழுத்துவிட வேண்டும். அவ்வாறு கயிறு பிடிப்பவன் கண்ணயர்ந்தால் குளியாளின் உயிர் போய்விடும். சுறாமீன்களின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரக்காரரை ஊதியம் கொடுத்து அமர்த்தும் வழக்கமும் முற்காலத்தில் இருந்தது. மந்திரத்தால் சுறா அடங்கியதோ இல்லையோ, குளியாளின் மனம் அச்சம் நீங்கி அடங்கியது. மூழ்குபவனுக்கு வேண்டியதும் அதுவே. தூத்துக்குடியை அடுத்த கடலில் அரசினர் நடத்திய முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டுடன் ஓய்ந்தது. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகிறது.

இனி, நீருக்குள் மனித உடல் படும் இடர்களை ஒருவாறு அறிதல் வேண்டும். அவற்றை அறியாமல் நீர் மூழ்கும் வீரரின் அருமையை உணர முடியாது.

நாம் தரையில் நிற்கும்போதே காற்று நம்மை எல்லாப் பக்கங்களிலும் அழுத்துகிறது. பழக்கத்தால் அதனை உணர்வதில்லை. கடலில் ஏறக்குறைய 33 அடி ஆழம் சென்றால் இந்த அழுத்தம் இரு மடங்காகும். 66 அடியில் மும்மடங்காகும். மேலே ஒருவனுடைய நுரையீரலில் ஆறு படி காற்று இருந்தால், 33 அடி ஆழத்தில் அது மூன்று படி அளவாகச் சுருங்கும். 66 அடியில் இரண்டு படியாகும். குளியாள் மேலே வரும்போது அக்காற்று மீண்டும் விரிந்து பழைய அளவை எய்திவிடும். ஆதலின் இவ்வகையில் அவனுக்குத் தீங்கில்லை. ஆனால் ஆழத்தில் இருந்துகொண்டே கருவியின் உதவியால் காற்றை உட்கொள்பவன் நிலை வேறு. அவன் அங்கே உட்கொள்வது அழுத்தப்பட்ட காற்று. காற்றிலுள்ள நைட்ரஜன், அழுத்தம் மிகும்போது குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகிறது. அவன் மெல்ல மேலேறினால் அது மூச்சுவழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, சோடாப் புட்டியைத் திறந்தவுடன் பொங்கும் குமிழிகளைப் போல அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். மூட்டுகளில் தாங்கொணாத வலி தோன்றும், கால்கள் செயலற்றுப்போகலாம், உயிரும் போகலாம்.

எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எவ்வெவ்விடத்தில் நின்று நின்று மேலேற வேண்டும் என்பதை ஆடுகளை வைத்து ஆராய்ந்து, 1908-ஆம் ஆண்டில் அட்டவணை வகுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞரும் அவருடைய துணைவரும் ஆவர். அவருடைய மைந்தர் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒரு படி மேலே சென்றார். 1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் ‘தெடிஸ்’ என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் அமிழ்ந்து 99 பேர் மாண்டனர். அதன் பின்னர் மைந்தர் ஹால்டேன் தம்மையே இரும்பு அறைக்குள் அடைத்துக்கொண்டு, அழுத்தம் மிகுந்த காற்று மனிதனை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். உயிர் காக்கும் பிராணவாயுவே அழுத்தம் மிகுந்தால் நஞ்சாகிறது என்பதை அவர் தம் உடலிலேயே கண்டறிந்தார். அச்சோதனைகளுள் ஒன்றில் வலிப்புக் கண்டு அவருடைய முதுகெலும்பு ஊறுபட்டது. அவருடைய சோதனைகளின் பயன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் மூழ்குநர்களுக்குக் கிடைத்தது. இவ்வறிஞர் 1957-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார்.

போர் வீரனுக்குப் பிராணவாயுவால் ஒரு நன்மை உண்டு. சாதாரணக் காற்றைக் கொண்டு மூழ்குபவன் விடும் மூச்சு குமிழிகளாய் மேலெழும். காவலர் அவற்றைக் கண்டுகொள்வர். பிராணவாயுவை மட்டும் பயன்படுத்துபவன் விடும் மூச்சை ஒரு பையினுள்ளேயே செலுத்தலாம். அதிலுள்ள கரியமில வாயுவைச் சோடாச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியதை அவன் மீண்டும் சுவாசிப்பான். நீர்ப்பரப்பில் ஒரு குமிழியும் தோன்றாது. ஆனால் 30 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் அதே பிராணவாயு முன்னறிவிப்பின்றி வலிப்பையும் மயக்கத்தையும் தரலாம். பகைவன் காணாதிருக்க வேண்டுமாயின் உயிரைப் பணயம் வைத்தல் வேண்டும் என்பது இக்கருவியின் நிலை. தவளையின் கால்போல் விரிந்த ரப்பர்த் துடுப்புகளை அணிந்து நீந்தியமையால் இவ்வீரர்களைத் ‘தவளை மனிதர்’ என்று மேனாட்டார் அழைத்தனர்.

இரண்டாம் உலகப் போரில் இத்துறையில் முன்னின்றவர்கள் இத்தாலியர். அவர்கள் 22 அடி நீளமுள்ள ஒரு பொறியை அமைத்தனர். குதிரைமேல் இவர்வது போல் இரு வீரர் அதன்மேல் அமர்ந்து நீருக்குள் மெல்லச் செலுத்துவர். அதன் தலைப்பகுதியில் ஏறக்குறைய 300 கிலோ வெடிமருந்து இருக்கும். அத்தலையைக் கழற்றிப் பகைவர் கப்பலின் அடியில் தொங்கவிட்டு, வெடிக்கும் நேரத்தைக் குறித்துவிட்டு வந்துவிடலாம். பொறி சொன்னபடி கேளாமையால், அதனை ஓட்டிய வீரர் அதற்குப் ‘பன்றி’ எனப் பெயரிட்டிருந்தனர்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் இரவு, எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்திற்கு வெளியே ‘ஷிரே’ என்னும் இத்தாலிய நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றது. மூன்று பொறிகளில் ஆறு வீரர் புறப்பட்டனர். துறைமுகத்தின் வாயிலை இரும்பு வலை காத்து நின்றது. அவ்வேளையில் பிரிட்டிஷ் கப்பல்கள் சில உள்ளே வருவதற்காக வலை திறக்கப்பட்டது. அக்கப்பல்களோடு கலந்து ஆறு பேரும் உள்ளே நுழைந்துவிட்டனர்.

அவர்களுள் லூயிஜி துராந் தெ லா பென்னே என்பவரும் அவருடைய துணைவர் பியாங்கியும் ‘வேலியன்ட்’ என்னும் பெரும் போர்க்கப்பலை அழிக்கப் பணிக்கப்பட்டவர்கள். கப்பலின் அருகே சென்றபோது அவர்களுடைய பொறி பழுதுற்று அடிச்சேற்றில் அமிழ்ந்தது. பியாங்கி மயக்கமுற்று மேலே மிதந்துபோனார். உடையினுள் குளிர்நீர் புக, இருளில் தனித்து நின்ற தெ லா பென்னே, அந்தப் பெரும் பளுவைக் கையால் பற்றிச் சேற்றிலே சிறிது சிறிதாக இழுத்தார். கப்பலின் அடிப்பகுதிக்கு நேரே அதனைக் கொண்டு சேர்க்க நெடுநேரம் ஆயிற்று. நேரத்தைக் குறித்துவிட்டு மேலே வந்த அவரைக் காவலர் பிடித்தனர். பியாங்கியும் பிடிபட்டார்.

இருவரும் தங்கள் பெயரையும் பதவியையும் அன்றி வேறொன்றும் கூறவில்லை. கப்பலின் தலைவர் மார்கன், அவர்களைக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கச் செய்தார். எங்கே வெடி வைத்துள்ளனரோ அங்கேயே இருந்தால் அச்சத்தால் உண்மையைக் கூறுவர் என்பது அவர் கருத்து. நேரம் சென்றது. தாம் வைத்த வெடி தம் காலடியிலேயே இருக்கிறது என்பதை அறிந்தும் தெ லா பென்னே வாய் திறக்கவில்லை. வெடிப்பதற்கு ஏறக்குறைய பத்து நிமிடம் இருக்கும்போது அவர் கப்பல் தலைவரைக் காண விரும்பினார். கப்பல் விரைவில் வெடிக்கும் என்றும், மாலுமிகளைக் காத்துக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தார். வெடி எங்கே உள்ளது என்று கேட்டபோது மறுத்துவிட்டார். மீண்டும் அடித்தளத்திற்கே அனுப்பப்பட்டார்.

காலை ஆறு மணியளவில் வெடி வெடித்தது. ‘வேலியன்ட்’ துறைமுகத்தின் அடிநிலத்தில் அமிழ்ந்து நின்றது. மற்றை வீரர்கள் வைத்த வெடிகளால் ‘குயின் எலிசபெத்’ என்னும் போர்க்கப்பலும் ஓர் எண்ணெய்க் கப்பலும் ஊறுபட்டன. ‘குயின் எலிசபெத்’ கப்பலில் மாலுமிகள் சிலர் மாண்டனர். ‘வேலியன்ட்’ கப்பலில் ஓர் உயிரும் சேதமில்லை. தெ லா பென்னேயும் காயங்களோடு உயிர் தப்பினார். ஆறு பேர் ஒரே இரவில் இரண்டு பெரும் போர்க்கப்பல்களைப் பல திங்கள் கடலிற் செல்லாதபடி செய்துவிட்டனர். துறைமுகத்தின் ஆழம் குறைவாதலின், அமிழ்ந்த கப்பல்கள் மேலிருந்து நோக்குவார்க்கு மிதப்பனபோலவே தோன்றின. இத்தோற்றத்தைக் கொண்டு பிரிட்டிஷார் தம் இழப்பைச் சில காலம் மறைத்து வைத்தனர்.

பின்னர் இத்தாலி, பிரிட்டன் முதலிய நாடுகளின் பக்கம் சேர்ந்தது. 1945-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தராந்தோ நகரில் தெ லா பென்னேக்கு இத்தாலியின் உயர்ந்த வீரப்பதக்கம் வழங்கப்பெற்றது. அவ்விழாவில் அப்பதக்கத்தை அவர் மார்பில் அணிவித்தவர், அவரால் தம் கப்பலை இழந்த அதே மார்கன் ஆவார். வெடி வைத்ததும் கடமை. வெடிக்குமுன் உரைத்ததும் கடமை. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் தகுதி மார்கனுக்கு இருந்தது. இவ்வரலாறு 1962-ஆம் ஆண்டில் ‘தி வேலியன்ட்’ என்னும் திரைப்படமாக வந்தது.

ஜிப்ரால்டர்த் துறைமுகத்திலும் இத்தாலிய மூழ்குநர் பலமுறை தாக்கினர். அங்கே கப்பல்களின் அடியில் பொருத்தப்பட்ட வெடிகளைத் தேடி எடுத்தவர் கிராப் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியும் அவருடைய சிறு குழுவினரும். வெடி வைப்பவனுக்கு அது எப்போது வெடிக்கும் என்று தெரியும், எடுப்பவனுக்குத் தெரியாது. இருண்ட நீரில் கப்பலின் அடியைக் கையால் தடவிக்கொண்டே சென்று, அதனைக் கண்டால் கழற்ற வேண்டும். 1942-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்குத் தாக்க வந்த விசின்தீனி, மாக்ரோ என்னும் இத்தாலியர் இருவர் மாண்டனர். அவர்களுடைய உடல்கள் கிடைத்தபோது, பிரிட்டிஷார் படைமரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தனர்; கிராப் அவர்களுக்காகக் கடலில் மலர் வளையம் இட்டார்.

கிராப்பின் செயல்களை வைத்து 1958-ஆம் ஆண்டில் ‘தி சைலண்ட் எனிமி’ என்னும் திரைப்படம் எடுக்கப்பட்டது. வாய் பேசாப் பகைவன் என்பது அதன் பொருள். நீருக்கடியிற் படம் பிடிக்கப்பட்ட காட்சிகளால் அது பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டது. அதற்கு ஏழாண்டு முன்னரே, 1951-இல், அமெரிக்கக் கடற்படை மூழ்குநரைப் பற்றிய ‘தி ஃபிராக்மென்’ என்னும் படம் வெளிவந்திருந்தது. படங்களுக்கே உரிய மிகைப்படுத்தல் இவற்றிலும் உண்டு. ‘தி சைலண்ட் எனிமி’யில், நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் நின்ற ‘ஓல்தெர்ரா’ என்னும் கப்பலே இத்தாலியரின் மறைவிடம் என்பதைக் கிராப் கண்டறிந்து, அங்கே சென்று தாக்குகிறார். நீருக்கடியில் இருதிறத்தாரும் கத்தி கொண்டு பொருகின்றனர். உண்மையில், கப்பலின் பக்கத்தில் நீருக்கடியில் கதவு அமைத்து இத்தாலியர் அங்கிருந்தே வந்துபோயினர் என்னும் செய்தி, 1943-இல் இத்தாலி பணிந்த பின்னரே பிரிட்டிஷாருக்குத் தெரிந்தது. கத்திச் சண்டை கண்ணுக்கு விருந்தாகலாம். மூழ்கும் வீரன் விரும்புவதோ யாரும் தன்னைக் காணாமையை. சண்டை நேர்ந்ததென்றால் அவன் வந்த காரியம் கெட்டது என்பதே பொருள். நான்கு மணி நேரம் குளிரில் ஒன்றும் நிகழாமல் தடவிச் செல்வதைப் படமாக்கினால் காண்பார் யார்?

இந்திய மண்ணில் பயிற்சி பெற்ற மூழ்குநர்கள் செய்த பெருஞ்செயல் 1971-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இரவு, அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட வங்கத்தில் பாகிஸ்தான் படையினர் மக்கள்மீது பெருந்தாக்குதல் தொடங்கினர். அப்போது பிரான்சு நாட்டின் தூலோன் துறைமுகத்தில் ‘மாங்க்ரோ’ என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வங்காளி மாலுமிகள் சிலர் வானொலியில் அச்செய்தியைக் கேட்டனர். அவர்கள் கப்பலை விட்டு நீங்கி, ஸ்பெயின் நாடு சென்று, இந்தியத் தூதரகத்தை அடைந்தனர். எட்டுப் பேர் தில்லி வந்து சேர்ந்தனர். அவர்களைக் கருவாகக் கொண்டு ஒரு மூழ்குநர் படையை உருவாக்கும் எண்ணம் இந்தியக் கடற்படைக்குத் தோன்றியது. அப்பொறுப்பு சமந்த் என்னும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பெற்றது.

பாகீரதி ஆற்றின் கரையில், 1757-இல் போர் நிகழ்ந்த அதே பிளாசியில், மறைவான பாசறை அமைக்கப்பட்டது. அகதி முகாம்களிலிருந்தும் விடுதலைப் படையினரிடமிருந்தும் இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுட் பலர் மாணவர். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். ஆறும் குளமும் நிறைந்த நாட்டில் பிறந்தமையால் நீந்துதலை அவர்கட்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஓசையின்றி நீந்துதலையே கற்பிக்க வேண்டியிருந்தது. வயிற்றில் செங்கற்களைக் கட்டிக்கொண்டு, மூக்கு மட்டும் நீருக்கு மேலே தெரிய, ஆற்றின் விசையை எதிர்த்துப் பல மணி நேரம் நீந்தப் பழகினர். பின்னர்ச் செங்கல்லின் இடத்தில் வெடி வந்தது. காந்தத்தால் கப்பலின் இரும்புப் பக்கத்தில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும் வெடி அது. அதன் பொறியில் உள்ள ஒரு பொருள் நீரிற் கரைந்த பின்னரே அது வெடிக்கும்; வைத்தவன் நீந்தி அகல்வதற்கு அந்த இடைவேளையே அவனுக்குக் கிடைத்த காப்பு.

இத்தாலியரிடம் இருந்த மூச்சுக்கருவியோ ஊர்தியோ இவ்விளைஞரிடம் இல்லை. துடுப்பு, கத்தி, மார்பில் கட்டிய வெடி ஆகியவையே அவர்களுடைய படைக்கலங்கள். தாம் இறக்க நேரிட்டால் அதற்கு எவரும் பொறுப்பல்லர் என்று ஒவ்வொருவரும் நிழற்படத்துடன் எழுதிக் கொடுத்திருந்தனர்.

நான்கு துறைகளில் ஒரே இரவில் தாக்க வேண்டும். சிட்டகாங், மங்களா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய அவ்விடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. குழுக்களுக்கு நாளும் நேரமும் அறிவிப்பது எங்ஙனம்? கையிற் சிறு வானொலிப் பெட்டி ஒன்றே இருந்தது. கல்கத்தா வானொலி நிலையம் இதற்குப் பயன்பட்டது. குறிப்பிட்ட ஒரு வங்கப் பாடல் ஒலித்தால் ஆயத்தமாக வேண்டும். இரண்டாவதாகக் குறித்த பாடல் ஒலித்தால் தாக்க வேண்டும். முதற்பாடலைப் பாடியவர் பங்கஜ் மல்லிக். இசை விரும்பிகள் எத்தனையோ பேர் அப்பாடல்களைத் தம் வீடுகளில் கேட்டு மகிழ்ந்திருப்பர். அவற்றின் உட்பொருள் ஆற்றங்கரைக் குடிசைகளில் மறைந்திருந்த சிலருக்கே விளங்கியது.

ஆகஸ்டு 15-ஆம் நாள் நள்ளிரவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நீரில் இறங்கினர். ஆற்றின் வேகமும் கடலின் ஏற்ற வற்றமும் அறிந்து, பகைவர் விளக்கொளியைத் தவிர்த்துக் கப்பல்களை அடைந்தனர். பக்கத்தில் படிந்திருந்த பாசியைக் கத்தியாற் சுரண்டி, வெடிகளைப் பொருத்திவிட்டுத் திரும்பினர். சிட்டகாங்கில் ‘அல் அப்பாஸ்’, ‘ஹார்முஸ்’ என்னும் சரக்குக் கப்பல்கள் அழிந்தன. மற்றைத் துறைகளிலும் கலங்கள் பல அமிழ்ந்தன. அந்நாட்டில் எல்லாம் அமைதியாக உள்ளது என்று கூறி வந்தோர் கூற்றை உலகம் அதன்பின் நம்பவில்லை. வெளிநாட்டுக் கப்பல்கள் அத்துறைகளுக்கு வர அஞ்சின. அடுத்து வந்த திங்கள்களிலும் தாக்குதல்கள் தொடர்ந்தன. அவற்றிற் சென்று மீளாதவரும் உண்டு.

அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ‘காஸி’ என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்திற்கு அருகே அமிழ்ந்தது. கடலில் மிதந்த சில பொருள்களை மீனவர் கொண்டுவந்து கொடுத்தனர். பின்னர் இந்தியக் கடற்படையின் மூழ்குநர் இறங்கி, அது எக்கப்பல் என்பதை உறுதி செய்தனர். அதில் இருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை.

1987-ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படையில் தனிச்சிறப்புடைய வீரர் படை ஒன்று அமைக்கப்பட்டது. கடலுள் மூழ்கியும் வானிலிருந்து குதித்தும் பணிபுரியும் இவ்வீரரை ‘மார்கோஸ்’ என வழங்குவர். கொச்சியில் கடற்படையின் மூழ்குப் பயிற்சிப் பள்ளி உள்ளது. அங்குப் பயில்வோர்க்கு முதலில் கற்பிக்கப்படுவன ஆழமும் நேரமும் பற்றிய கணக்குகளே. மேலேறும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதை அட்டவணை கூறும். நோயுற்றவனை மீண்டும் அழுத்தத்துள் வைத்து, மெல்ல மெல்ல அதனைக் குறைத்துக் குணப்படுத்தும் அறைகளும் கடற்படையிடம் உண்டு.

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போருள்ளும் பலர் இக்காலத்தில் மூச்சடக்கி மூழ்குவதில்லை. படகில் உள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து நீண்ட குழாய் வழியே வரும் காற்றை வாயால் உட்கொண்டு, தம் தந்தையர் கண்டறியாத அளவு நெடுநேரம் அடிநிலத்தில் தங்குகின்றனர். பழைய குளியாளுக்கு இல்லாத நைட்ரஜன் நோய் இவர்களைத் தாக்குகிறது. மூட்டுவலியோடு கரையேறுவோரும், கால் வழங்காமற் போனோரும் அவர்களுள் உண்டு. ஹால்டேன் வகுத்த அட்டவணை வெளிவந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதில் உள்ள எண்கள் சிலவே. தமிழில் எழுதித் தோணியின் பாய்மரத்தில் ஒட்டிவைக்கத்தக்க அளவே உள்ளன.